பவுன் வீதியில் ஒரு தாய்வீடு

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரின் வரலாற்றைக் கேளாத தமிழ்க் குடும்பம் அரிது. நிறைமாதக் கர்ப்பிணியான ரத்தினாவதி, பேறுகாலத் துணைக்குத் தன் தாய் வருவாள் என்று வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தாள். பூம்புகாரிலிருந்து மகளுக்கு வேண்டியவற்றையெல்லாம் சுமந்துகொண்டு புறப்பட்ட அந்தத் தாயைக் காவிரியின் வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. இக்கரையில் மகளுக்கு வலி கண்டுவிட்டது. அவள் அழைத்த குரல் இறைவன் செவியில் விழுந்தது. அவரே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வாசலில் வந்து நின்றபோதுதான் வந்திருந்தவர் யாரென்பது உலகுக்குத் தெரிந்தது. தாயும் ஆனவர் என்று அவருக்குப் பெயர் நிலைத்தது. சுகப்பிரசவம் வேண்டி அவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு.

இன்று தாய்க்கும் மகளுக்கும் இடையே காவிரி இல்லை, கடல்கள் இருக்கின்றன. விமானம் ஏறினால் ஒரே நாளில் கடந்துவிடலாம் என்பது உண்மையே. ஆனால் கடந்து சென்ற தாயால் அங்கே தங்கிவிட முடிவதில்லை. அமெரிக்காவுக்குப் பார்வையாளர் விசாவில் செல்லும் பெற்றோருக்கு விமான நிலையத்தில் பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி தருகிறார்கள். அந்த ஆறு மாதத்துக்குப் பின் மகளுக்கும் பேரக் குழந்தைக்கும் துணை யார்? வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் எத்தனையோ பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. அதற்கு ஒரு குடும்பம் விடை கண்ட இடம், நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ஃப்ளஷிங் என்னும் பேட்டையில் உள்ள ஸ்ரீ மகா வல்லப கணபதி தேவஸ்தானம்.

நாட்காட்டியில் ஒரு வட்டம்

உறையூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும் மார்ச் மாதக் கடைசியில் நியூயார்க் சென்று இறங்கினார்கள். தாயுமானவர் சந்நிதியில் வாழைத்தார் நேர்ந்துகொண்டு, பிரசவ லேகியத்துக்கான பொடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு புறப்பட்ட பயணம். மகளும் மருமகனும் ஜாக்சன் ஹைட்ஸ் என்னுமிடத்தில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் குடியிருந்தார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தலைமையாசிரியர் சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் செப்டம்பர் மாதத் தாளைத் திருப்பி, தாங்கள் ஊர் திரும்ப வேண்டிய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மறதிக்காகப் போட்ட வட்டம்தான். ஆனால் அந்த வீட்டில் அனைவருடைய கண்ணும் அடிக்கடி அதன்மேல் சென்று மீண்டது.

அந்தப் பகுதியில் இந்தியப் பொருள்களுக்குக் குறைவில்லை. எழுபத்துநான்காம் தெருவில் நடந்தால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும்; பட்டுப்புடவைக் கடைகளும் நகைக்கடைகளும் வரிசையாக நிற்கும். பொருள் கிடைத்தது, மனிதர்கள்தாம் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகளாகக் குடியிருந்தும் மகளுக்கு எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. திருமணத்துக்கு முன் சென்னையில் வேலை பார்த்தவள் அவள். கணவனின் பணி விசாவைச் சார்ந்து செல்லும் பெண்களுள் பலருக்கு அங்கே வேலைக்குச் செல்ல அனுமதி இல்லை, அவளுக்கும் இல்லை. வேலை இல்லாததால் அலுவலகத் தோழமையும் இல்லாமல் போயிற்று.

குழந்தை பிறந்து ஒரு மாதம் கடந்தபின் தாய் ஒன்றைக் கவனித்தார். குழந்தை உறங்கும் வேளையிலும் மகள் உறங்குவதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள். நள்ளிரவில் சன்னலோரம் அமர்ந்து ஓசையின்றி அழுகிறாள். திருஷ்டியாக இருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார் தாய். அழுகை நிற்கவில்லை. “அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பேசிப் பழகக் கூடாதா, கண்ணு?” என்று ஒருநாள் கேட்டார். “யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று நீங்கள்தானே அம்மா சொல்லி வளர்த்தீர்கள்?” என்றாள் மகள். அவள் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. ஆயினும் தாயின் மனத்தில் அது தைத்துவிட்டது. ஒருவரிடமும் கை நீட்டாமல் வாழ்வதே கௌரவம் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தாம். உறையூரில் அப்படிச் சொல்வது எளிது. கை நீட்டுமுன்பே கொண்டுவந்து கொடுக்கும் அண்டைவீட்டார் அங்கே இருந்தார்கள்.

தெருவுக்குப் பெயர் தந்தவர்

நாற்பது நாள் கழிந்தபின் முதன்முதலாகக் குழந்தையைக் கோயிலுக்கு எடுத்துச் சென்றார்கள். ஜாக்சன் ஹைட்ஸிலிருந்து ஃப்ளஷிங்கிற்கு ஏழாம் எண் ரயில் செல்கிறது. தரைக்கடியில் ஓடாமல், பெரும்பாலும் இரும்புத் தூண்களின்மேல் வீடுகளின் மாடி உயரத்தில் ஓடும் ரயில் அது. முதியவர்களுக்கும் குழந்தைத் தள்ளுவண்டிக்கும் வசதியாக, ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. வழியில் 1964-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி நடைபெற்ற பெரிய பூங்கா இருக்கிறது. கடைசி நிலையமான ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் கண்ணில் படும் பலகைகளெல்லாம் சீன மொழியிலும் கொரிய மொழியிலும் இருக்கும். அங்கிருந்து சற்றே நீண்ட நடையில் கோயிலை அடையலாம். நடக்க இயலாதவர்களுக்கு வாடகைக் கார் உண்டு.

கோயில் அமைந்துள்ள தெருவின் பெயர் பவுன் வீதி. தங்கப் பவுனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுமார் முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த ஜான் பவுன் என்பவரின் பெயர் அது. அந்நாளில் இப்பகுதி டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் கூடி வழிபடக் கூடாது, அவர்களுக்கு எவரும் இடம் தரவும் கூடாது என்று தடை விதித்தார். 1657-ஆம் ஆண்டு டிசம்பரில் ஃப்ளஷிங் வாசிகள் சுமார் முப்பது பேர், இத்தடை எங்கள் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்று எழுதிக் கையொப்பமிட்டு ஆளுநருக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். கையெழுத்திட்டவர்கள் எவரும் குவேக்கர்கள் அல்லர் என்பதே இதன் சிறப்பு. பிறருடைய வழிபாட்டுக்காக அவர்கள் வழக்காடினார்கள்; அதற்காகச் சிலர் சிறையும் சென்றார்கள்.

பின்னர் 1662-இல், ஜான் பவுன் தம் வீட்டிலேயே குவேக்கர்கள் கூடி வழிபட இடம் கொடுத்தார். அதற்காகக் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ஆம்ஸ்டர்டாம் சென்று, ஆட்சிப் பொறுப்பு வகித்த வணிக நிறுவனத்தின் முன் முறையிட்டு வென்று, 1664-இல் ஊர் திரும்பினார். அவருடைய வீடு அதே வீதியில் இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அந்த வீட்டிலிருந்து தெற்கே நடந்தால் தேவாலயங்கள், சுவாமி நாராயண் மந்திர் என்று பல வழிபாட்டுத் தலங்களைக் கடந்து பிள்ளையார் கோயிலை அடையலாம். பிறருக்காகத் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்த ஒருவரின் பெயர் கொண்ட வீதியில் விநாயகப் பெருமான் வந்து அமர்ந்திருப்பது பொருத்தமே. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வீதிக்கு ‘கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்’ என்ற பெயரையும் நகராட்சி சேர்த்துச் சூட்டியது.

கணபதி குடியேறிய கதை

1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஆண்டொன்றுக்கு 100 பேருக்கே இடம் இருந்தது. 1965-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட புதிய குடியேற்றச் சட்டம் நாடுவாரியான அந்தப் பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கியது. மருத்துவர்களும் பொறியாளர்களும் அறிவியலாளர்களும் குடும்பத்தோடு வந்து இறங்கத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்குக் கோயில் இல்லை. வீட்டு அலமாரியில் வைத்த படமே சந்நிதி. வார விடுமுறையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாடும் பஜனையே உற்சவம்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்து ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் அவர்களும் அன்பர்கள் சிலரும் சேர்ந்து, 1970-ஆம் ஆண்டு வட அமெரிக்க இந்து ஆலயச் சங்கத்தை நிறுவினார்கள். பவுன் வீதியில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் பழைய தேவாலயம் இருந்த இடத்தை வாங்கினார்கள். இந்தியச் சிற்பிகள் செதுக்கிய திருமேனிகள் கடல் கடந்து வந்தன. 1977-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்க நாடே சுதந்திர தினம் கொண்டாடிய நாளில், கும்பாபிஷேகம் நடந்தேறியது. ஆகம முறைப்படி அந்நாட்டில் எழுந்த கோயில்களுள் முதன்மையானவற்றில் ஒன்று இது. பின்னர் திருப்பணி செய்து விரிவுபடுத்தப்பட்டு, 2009-இல் மீண்டும் கும்பாபிஷேகம் கண்டது. மகப்பேறு மருத்துவரான டாக்டர் உமா மைசூர்கர் அவர்கள் நெடுங்காலமாக ஆலயச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து வழிநடத்தி வருகிறார்.

காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தால் நடுநாயகமாக மகா வல்லப கணபதி. சிவபெருமான், பார்வதி, வேங்கடேசப் பெருமாள், மகாலட்சுமி, வள்ளி தெய்வானையுடன் சண்முகர், துர்க்கை, சரஸ்வதி, ஆஞ்சநேயர், நவக்கிரகங்கள் என்று பரிவாரமாகச் சந்நிதிகள். அபிஷேகப் பாலின் மணமும் கற்பூர மணமும் மணியோசையும் கலந்த வேளையில், வெளியே இருப்பது அமெரிக்கா என்ற நினைவே வருவதில்லை. தலைமையாசிரியரின் மனைவி பேத்தியைச் சந்நிதியின் முன் கிடத்தி, “பிள்ளையாரப்பா, இவளை உன்னிடம் விட்டுவிட்டுத்தான் போகப் போகிறேன்” என்று வாய்விட்டுச் சொன்னார். அருகில் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேன்டீன் மேசையில்

இக்கோயிலின் உணவுக்கூடம் நியூயார்க் முழுவதும் பெயர் பெற்றது. தரைத்தளத்துக்குக் கீழே அமைந்த அதனைக் கேன்டீன் என்றே அனைவரும் சொல்கிறார்கள். தோசைக்கும் இட்லிக்கும் வரிசை நிற்கும். சாமி கும்பிட வருபவர்களோடு, சாப்பிட மட்டும் வருகிற அந்நாட்டவரும் இருப்பார்கள். அங்கே இடம் கிடைத்த மேசையில் அமர வேண்டும். எதிரே யார் அமர்வார்கள் என்று சொல்ல முடியாது. அன்று எதிரே அமர்ந்தவர் எண்பதை நெருங்கிய ஒரு மூதாட்டி. மாயவரத்துக்காரர். ஐம்பது ஆண்டுகளுக்குமுன் வந்து குடியேறியவர்.

“எத்தனை நாள் குழந்தையம்மா?” என்று தொடங்கிய பேச்சு வளர்ந்தது. அவருக்கு முதல் குழந்தை பிறந்தபோது இந்தக் கோயிலே எழும்பவில்லை. ஊரிலிருந்து துணைக்கு எவரும் வர இயலவில்லை. தாயோடு பேசவேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் மூன்று நிமிடத்தில் இருவரும் அழுதே முடித்துவிடுவார்கள். பஜனையில் பழக்கமான ஆந்திர நாட்டுப் பெண்மணி ஒருவர், நாற்பது நாளும் தம் வீட்டிலிருந்து மிளகு ரசமும் பூண்டுத் துவையலும் கொண்டுவந்து கொடுத்தாராம்.

“அவருக்கு நீங்கள் எப்படிக் கைம்மாறு செய்தீர்கள், அக்கா?” என்று கேட்டார் உறையூர்த் தாய்.

“அவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. அவருக்கு எங்கே செய்வது? இப்படி வருகிற பெண்களுக்குச் செய்கிறேன். அவர் கணக்கு அதில் தீர்கிறது” என்றார் மூதாட்டி. பிறகு மகளின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா, கண்ணு?” என்றார்.

மகள் பதில் சொல்லவில்லை. கண்கள் மட்டும் நிறைந்தன.

மூதாட்டி அதிர்ச்சி காட்டவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. “திருஷ்டி கழிப்பதைக் கழியுங்கள். அதோடு நாளைக்கே இவளுடைய டாக்டரிடம் தூக்கமில்லை, அழுகை வருகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் பலருக்கு வருவதுதான் இது. வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை” என்றார். மறுநாளே தொலைபேசியில் சொன்னார்கள். மருத்துவர் உடனே வரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டு, வாரம் ஒருமுறை பேசி ஆற்றுப்படுத்தும் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. உரிய காலத்தில் சொன்னால் குணமாகும். எத்தனையோ வீடுகளில் இதனைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் தவறாக எண்ணிவிடுகிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது.

பெயரில்லாத சங்கம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டும் என்று மூதாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இக்கோயிலில் சிறுவர்களுக்குச் சமய வகுப்பும் மொழி வகுப்பும் இசை வகுப்பும் நடக்கின்றன. பிள்ளைகள் உள்ளே பாடம் படிக்கும் நேரத்தில் பெற்றோர் வெளியே காத்திருக்கிறார்கள். தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள், குஜராத்தியர் என்று பலரும் உண்டு. அந்தக் காத்திருக்கும் நேரமே ஒரு சங்கமாக வளர்ந்திருக்கிறது. அதற்குப் பெயரில்லை, சந்தா இல்லை, தலைவர் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குழு மட்டும் இருக்கிறது.

அங்கே பேசப்படுவது பெரிய தத்துவம் அன்று. எந்தக் குழந்தை மருத்துவர் பொறுமையாகக் கேட்பார்? பனிக்காலத்தில் குழந்தைக்கு எத்தனை அடுக்கு உடை வேண்டும்? காரில் குழந்தை இருக்கையை எப்படிப் பொருத்துவது? நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நகரம் நடத்தும் இலவச வகுப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? ஒருவர் பிள்ளைக்குச் சிறியதாகிவிட்ட குளிர்ச்சட்டை அடுத்தவர் பிள்ளைக்குப் போகிறது. யாருக்காவது பிரசவம் என்றால், வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

பள்ளி பற்றிய செய்திகளும் அங்கேதான் தெரியவந்தன. நியூயார்க்கின் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோர் சங்கம் உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் பெற்றோருக்கு வழிகாட்டுவதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளரும் இருக்கிறார். ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர் ஆசிரியரோடு பேச மொழிபெயர்ப்பாளர் உதவியைக் கேட்டுப் பெறலாம். புதிதாகக் குடியேறியவர்கள் கூச்சத்தினால் அங்கே போவதில்லை. போனவர்கள் பெற்றது சிறிதன்று. தீபாவளியன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டில் நிறுத்திக்கொள்வதா என்று தவித்த பெற்றோரும் சமூகத்தினரும் பல்லாண்டு விடாமல் கேட்டதன் பயனாக 2023-இல் சட்டம் நிறைவேறியது. 2024 நவம்பர் 1-ஆம் தேதி, நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு முதன்முறையாகத் தீபாவளி விடுமுறை கிடைத்தது.

அங்கே கேட்ட மற்றொரு யோசனை நூலகம். குயின்ஸ் பொது நூலகத்தின் கிளைகளில் கைக்குழந்தைகளுக்கும் தவழும் குழந்தைகளுக்கும் கூடக் கதை நேரம் நடத்துகிறார்கள், கட்டணம் இல்லை. கைக்குழந்தைக்கு என்ன கதை புரியும் என்று தலைமையாசிரியர் முதலில் சிரித்தார். உண்மையில் அது தாய்மார் கூடுவதற்கான நேரம். இரண்டாம் வாரம் அங்கே தள்ளுவண்டியோடு வந்து அருகில் அமர்ந்த வங்கதேசத்துப் பெண்ணைப் பார்த்து மகளுக்கு வியப்பு. அவர்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி அவள். அவளுக்கும் மூன்று மாதக் குழந்தை. அவள் தாய்க்கு விசாவே கிடைக்கவில்லை. சுவரின் அந்தப் பக்கம் அவள் அழுத அதே இரவுகளில் இந்தப் பக்கம் இவள் அழுதிருக்கிறாள்.

அன்று மாலையே உறையூர்த் தாய் கிண்டிய லேகியத்தில் பாதி எதிர்வீட்டுக்குச் சென்றது. மறுநாள் அங்கிருந்து ஒரு பாத்திரம் நிறையப் பாயசம் வந்தது. சமயம் வேறு, மொழி வேறு. ஆனாலும் அந்தப் பெண் உறையூர்த் தாயை ‘அம்மா’ என்றுதான் அழைத்தாள். வங்க மொழியிலும் தாய்க்கு அந்தச் சொல் உண்டு.

எல்லாம் ஒரே நாளில் சீரானதாக எண்ணிவிடக் கூடாது. குழுவில் சேர்ந்த புதிதில் மகள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஒருமுறை சென்ற இடத்தில் எல்லோரும் முன்பே பழகியவர்களாக இருக்க, ஓரமாக அமர்ந்திருந்துவிட்டு வீடு திரும்பி, இனிப் போவதில்லை என்றாள். ‘பிரசவ உடம்புக்கு இதைச் சாப்பிடலாமா’ என்று எவளோ கேட்ட பேச்சும் அவளுக்குச் சுட்டது. “கோயிலில் ஒருநாள் தரிசனம் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் அடுத்த நாள் போகாமல் இருப்போமா?” என்றார் தலைமையாசிரியர். மறுவாரம் அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி நின்றார். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குழுவில் வேறொரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தது. “செவ்வாய்க்கிழமைச் சமையல் என்னுடையது” என்று மகள் எழுதியதைத் தாய் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். அன்றிரவுதான் அந்தத் தாய் நிம்மதியாக உறங்கினார்.

தாய்மாமன் மடி

ஆண்டுதோறும் விநாயகர் சதுர்த்தியை ஒட்டி இக்கோயிலில் உற்சவம் நடக்கிறது. அதன் நிறைவாகப் பெருமான் தேரேறி ஃப்ளஷிங் வீதிகளில் பவனி வருகிறார். நாதஸ்வரமும் தவிலும் முழங்க, சீனக் கடைகளின் முன்னும் கொரியத் தேவாலயங்களின் முன்னும் தேர் நகர்கிறது. கடை வாசலில் நிற்கும் அயல்நாட்டவரும் கைகூப்புகிறார்கள்.

அந்த உற்சவ நாட்களில் ஒரு நல்ல வேளை பார்த்து, ஐந்தாம் மாதக் குழந்தைக்குக் கோயிலில் சோறூட்டினார்கள். தாய்மாமன் மடியில் அமர்த்தி ஊட்டுவது அவர்கள் குடும்ப வழக்கம். மகனோ பெங்களூரில் இருந்தான், விடுமுறை கிடைக்கவில்லை. என்ன செய்வது என்று தயங்கிய வேளையில், மாயவரத்து மூதாட்டியின் மகன் வேட்டியோடு வந்து பலகையில் அமர்ந்தார். இந்தக் கோயில் எழும்புமுன் மிளகு ரசத்தால் வளர்ந்த அதே பிள்ளை; இப்போது அவருக்கு ஐம்பது வயது. “இன்று இவளுக்கு நான்தான் மாமன், அம்மா” என்றார். எதிர்வீட்டு வங்கதேசத்துப் பெண் குழந்தையோடு வந்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உறையூர்த் தாய் அவளைக் கைபிடித்து அருகில் அழைத்துக்கொண்டார்.

வட்டமிட்ட தேதி வந்தது. விமான நிலையத்துக்குப் புறப்படும்போது மகள் அழுதாள், தாயும் அழுதார். பிரிவு பிரிவுதான், அதை எந்தச் சங்கமும் மாற்றிவிட முடியாது. ஆனால் அன்று வீட்டுக் கதவைச் சாத்தும்போது உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். சமையலறையில் யாரோ பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக் குழந்தையும் பேத்தியும் ஒரே விரிப்பில் கிடந்து கைகால்களை உதைத்துக்கொண்டிருந்தன.

ஊர் திரும்பிய மறுவாரம் தலைமையாசிரியர் தம்பதியர் மலைக்கோட்டைப் படியேறி, நேர்ந்துகொண்டபடி வாழைத்தாரைத் தாயுமானவருக்குச் சமர்ப்பித்தார்கள். அர்ச்சகர் வழக்கம்போல், “பிரசவத்துக்குக் கூடவே இருந்தீர்களா?” என்று விசாரித்தார்.

“ஆறு மாதம் இருந்தோம். இப்போது அவர் இருக்கிறார்” என்று சந்நிதியைக் காட்டினார் அந்தத் தாய். மேலே உச்சிப் பிள்ளையாரையும் தரிசித்துவிட்டுப் படியிறங்கும்போது மகளிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கேன்டீன் மேசையில் மாயவரத்து மூதாட்டியின் மடியில் பேத்தி. அருகே நிறைமாதமாக, முன்பின் தெரியாத ஒரு பெண். படத்தின் கீழே மகள் ஒரு வரி எழுதியிருந்தாள்: “அம்மா, இவளுக்கு இங்கே யாரும் இல்லையாம். லேகியம் எப்படிக் கிண்டுவது என்று விவரமாகச் சொல்லுங்கள்.”